திரும்பி வந்தவருக்கு நடுகல் இல்லை

தென்காசி மாவட்டத்தில் வீரத்தின் பெயரால் எழுப்பப்பட்ட நினைவிடங்களைச் சுற்றி வந்தால் அவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை தெரியும். நெற்கட்டும்செவலில் புலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. போராட்டம் முடிந்து வீடு திரும்பி, திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயதுவரை வாழ்ந்தவர்கள் அல்லர் இவர்கள். நம் காலத்திலும் வழக்கம் மாறவில்லை. 2020 மே 4 அன்று காஷ்மீரின் ஹந்துவாரா பகுதியில் நடந்த தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த சந்திரசேகர் உயிரிழந்தார். செங்கோட்டைக்கு அருகிலுள்ள மூன்றுவாய்க்கால் என்ற சிற்றூரின் பெயரை அன்றுதான் தமிழ்நாடு முழுவதும் உச்சரித்தது. அந்த அஞ்சலி அவருக்கு உரியது. அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் இந்த வட்டாரத்தின் ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போய், பதினைந்து இருபது வருடம் பணி செய்து, உயிரோடு திரும்பி வந்தவர்கள் ஏராளம். 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று கேட்டால் எந்தத் தெருவிலும் வழி சொல்வார்கள். அந்த மனிதர் எழுபத்தெட்டு வயதில் சர்க்கரை நோயிலோ மாரடைப்பிலோ இறந்தால், சுவரொட்டியில் பெயருக்குக் கீழே 'ராணுவம், ஓய்வு' என்று ஒரு வரி வரும். பதினாறாம் நாள் காரியத்தோடு அந்த வரியும் மறைந்துவிடும். படைவீரரின் வாழ்க்கையை நினைவுகூர்வது என்றால் அவருடைய சாவை நினைவுகூர்வது என்று நாம் பழகிவிட்டோம். இது தவறான பழக்கம். அதனால் நாம் இழப்பது நம் சொந்த வரலாற்றின் பெரும்பகுதியை.

பழக்கம் என்றாலும் இது நேற்று வந்ததன்று. நடுகல் நடுவதற்கான முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல் யாருக்கு? களத்தில் விழுந்தவனுக்கு. போரிட்டுப் பிழைத்து வந்து, பயிர் செய்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, முதுமையில் கண்மூடியவனுக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை. இடமில்லை என்பதுகூடப் போதாது. அப்படிச் சாவது ஒரு குறையாகவே கருதப்பட்டது. நோயில் இறந்த அரசர்களின் உடலைத் தருப்பைப் புல்லின் மேல் கிடத்தி, வீரர் செல்லும் உலகுக்குச் செல்லட்டும் என்று வாளால் போழ்ந்து அடக்கம் செய்த வழக்கத்தை, புறநானூற்றின் 93ஆம் பாட்டில் அதியமானைப் பாடும் ஔவையார் குறிப்பிடுகிறார். வீட்டில் நிகழ்ந்த சாவைப் போர்க்களத்துச் சாவாக மாற்றிக் காட்ட வேண்டிய அளவுக்கு அந்தச் சமூகம் ஒரே ஒரு முடிவைத்தான் மதித்தது. இரண்டாயிரம் வருடம் கழித்து, குடியரசான பிறகும் அந்த மதிப்பீட்டின் சாயல் நம்மிடம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் பலகைகளில் 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டன. எல்லாம் உயிர்நீத்தவர்களின் பெயர்கள். இதுவரை வழங்கப்பட்ட 21 பரம்வீர் சக்ர விருதுகளில் 14 விருதுகள், பெற்றவர் இறந்த பிறகு வழங்கப்பட்டவை. திரும்பி வந்தவர்களுக்கென்று ஒரு நாள் உண்டு: முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14. தமிழ்நாட்டில் அன்றைக்குப் போகிப் பழையது கழிப்பார்கள், அல்லது பொங்கல் பானை வைத்திருப்பார்கள். அந்த நாளை இங்கே யாரும் கவனிப்பதில்லை என்பதில் வியப்பில்லை.

தமிழ்க் குடும்பங்களில் பட்டாள நினைவு ஆழமாக வேரூன்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பஞ்சாபில் முப்பாட்டன், பாட்டன், தகப்பன், மகன் என்று ஒரே ரெஜிமெண்டில் பணி செய்த குடும்பங்களைப் பார்க்கலாம். தெற்கில் அந்தச் சங்கிலி இடையில் அறுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கத்தை 1758இல் வைத்து எண்ணுகிறது. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை அதுதான். ஆனால் 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி அரசு தென்சீமையில் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தது. பிறகு 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியருக்குப் போர்க்குணம் போய்விட்டது என்ற முடிவோடு வடக்கே போய், இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். போர்க்குல இனங்கள் என்று சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, மற்றவர்களை ஒதுக்கும் கொள்கை வேர்பிடித்தது அந்தக் காலத்தில்தான். மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1928க்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. 'தம்பி' என்று ராணுவமே செல்லமாக அழைக்கும் மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது பொறியாளர் படையினர், மட்டும் தொடர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941இல் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. ஆக, தென்காசி வட்டாரத்துக் குடும்பங்களில் 'எங்க தாத்தா மிலிட்டரி' என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதை இரண்டாம் உலகப் போரோடு தொடங்குகிறது, அல்லது 1962க்குப் பிறகு படைபலம் பெருக்கப்பட்ட காலத்தோடு. மூன்று தலைமுறைக்கு மேல் போகாத நினைவு அது. எழுதி வைக்காவிட்டால் நான்காவது தலைமுறையில் இல்லாமலே போகும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அவர் சம்பளத்துக்குப் போனார்; ஓய்வூதியம் வாங்கினார்; கேண்டீனில் மலிவு விலைக்குப் பொருள் வாங்கினார். ஆசிரியரும் லாரி ஓட்டுநரும் பீடி சுற்றிய பெண்ணும் உழைக்கவில்லையா, பட்டாளத்துக்காரருக்கு மட்டும் என்ன தனி நினைவு? இந்த மறுப்பின் முதல் பாதியை அப்படியே ஏற்கலாம். சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் வயல் உள்ளவர்கள் பொதுவாக ஆளெடுப்பு வரிசையில் நிற்கவில்லை. சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் கரிசலிலும், குளம் நிறைந்தால்தான் நெல் என்றிருந்த ஊர்களிலும், மூன்றாவது நான்காவது பிள்ளையாகப் பிறந்து, பள்ளி இறுதி முடித்துவிட்டு, மாதச் சம்பளம் என்ற ஒன்றுக்கு வேறு வழியே இல்லாதவர்கள்தான் பெரிதும் போனார்கள். வயிற்றுக்காகப் போனார்கள். தேசபக்தியை முதல் காரணமாகச் சொல்லி அவர்களை அலங்கரிக்க வேண்டியதில்லை. அப்படி அலங்கரிப்பது அவர்களுடைய வறுமையை மறைப்பதாகும். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு அவர்கள் கொடுத்த விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் மறுப்பின் இரண்டாம் பாதி நிற்காது.

கணக்கு எளிது. இன்றைய விதிப்படி ஒரு சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. பத்தொன்பது வயதில் சேர்ந்து 17 வருடம் பணி செய்தவருக்கு, ஒரு நாள்கூட வெட்டாமல் முழு விடுப்பும் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,530 நாள்; நாலேகால் வருடத்துக்கும் குறைவு. இருபத்தைந்தில் திருமணம் என்றால், மனைவியோடும் பிள்ளைகளோடும் ஊரில் இருக்கக் கிடைப்பது 990 நாள். மூன்று வருடம்கூட இல்லை. இடையில் அமைதிப் பகுதியில் வேலை வாய்த்து, குடும்பக் குடியிருப்பும் கிடைத்தால் ஓரிரு வருடம் சேர்ந்திருக்கலாம். அதற்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. முன்பெல்லாம் இந்த விடுப்பிலும் ரயில் பயணம் ஒரு பங்கைத் தின்றது. ஜம்முவிலிருந்தோ அசாமிலிருந்தோ கிளம்பி, இரண்டு மூன்று ரயில் மாறி, தென்காசியில் பொட்டியை இறக்குவதற்குள் நாட்கள் ஓடிவிடும். ஆசிரியரின் உழைப்பும் லாரி ஓட்டுநரின் உழைப்பும் இதைவிடக் குறைந்தவை என்பது வாதமல்ல. அவர்கள் குடும்பம் நடத்தியபடி வேலை செய்தார்கள். இவரோ, குடும்பம் நடப்பதற்காகக் குடும்பத்துக்கு வெளியே வாழ்ந்தார். குடும்பஸ்தர் என்று அவரைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் எங்கே இருந்தார் என்பதுகூட வீட்டுக்குத் தெரியாது. கடிதத்தின் முகவரியில் எண், பதவி, பெயர், பிரிவு, கடைசியில் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' என்று இருக்கும். ராணுவ அஞ்சலகத்தின் எண் அது. ஊர்ப் பெயர் கிடையாது. லடாக்கின் பனியிலிருந்து வந்த கடிதமும் பஞ்சாபின் சமவெளியிலிருந்து வந்த கடிதமும் ஒரே எண்ணைத் தாங்கி வரும். மாதத்துக்கு ஒரு முறை மணியார்டர் வரும். அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு கட்டம் விட்டிருப்பார்கள். பள்ளிக் கட்டணம், விதை நெல், அம்மாவின் கண் ஆபரேஷன், தங்கைக்கு வரன் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அதில் எழுதியது போக மிச்சத்தைத் தீர்மானித்தவர் மனைவி. நிலத்தை ஒத்திக்கு விடுவதா, பெண்ணைப் பத்தாவதுக்கு மேல் படிக்க வைப்பதா, பங்காளிச் சண்டையில் விட்டுக்கொடுப்பதா என்று அவர்தான் முடிவெடுத்தார். கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம் பக்கத்தில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே மாமனார் மாமியாரைப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்த பெண்கள் எத்தனையோ பேர். ஆகவே ஒரு படைவீரரின் வாழ்க்கை வரலாற்றில் பாதி அவருடைய மனைவியின் வாழ்க்கை வரலாறு. அவரைப் பேட்டி காணாமல் எழுதப்படும் எந்த நினைவுக் குறிப்பும் அரைகுறைதான். சாதாரண மணியார்டர் சேவையை அஞ்சல் துறை 2015இல் நிறுத்திவிட்டது. விடுப்புக் கேட்பதற்குச் சான்றாகப் படைவீரர் குடும்பங்கள் கடைசிவரை நம்பியிருந்த தந்தி 2013 ஜூலையோடு நின்றது. அந்தக் காகிதங்களை வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

முப்பத்தாறு வயதில் அவர் திரும்பி வருகிறார். கறுப்பு இரும்புப் பொட்டி, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் பெயரும். வீடு அவர் இல்லாமலே இயங்கப் பழகியிருக்கிறது. மூத்த பிள்ளைக்கு அப்பா என்பவர் வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வந்துபோகும் விருந்தாளி. காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டு, படுக்கையை மடிக்கச் சொல்லி, பதினோரு வருடம் மனைவி நடத்திய கணக்கை ஒரே வாரத்தில் தன் கைக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். இரண்டாவது மறுப்பு இங்கிருந்து எழுகிறது. இது பெரும்பாலும் பிள்ளைகள் சொல்வது. வீட்டைப் பாரக்ஸ் ஆக்கினார், அடித்தார், கேண்டீன் ரம் குடித்தார், வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. அவரை எதற்குப் போற்ற வேண்டும்? போற்ற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நினைவுகூர்வதும் போற்றுவதும் வெவ்வேறு காரியங்கள். அந்தக் கடுமையையும் மௌனத்தையும் எழுதி வைப்பதும் நினைவுகூர்தல்தான். எல்லாரும் அப்படி இல்லை என்பதும் உண்மை. சமையலும் தையலும் பட்டாளத்தில் பழகி வந்து, மனைவிக்குச் சமமாக அடுப்படியில் நின்ற ஆண்கள் இருந்தார்கள், அந்தத் தலைமுறை ஆண்களில் அது அபூர்வம். பதினேழு வருடம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தும் கட்டளையிட்டும் மட்டுமே பழகிய ஒருவரை, வீட்டில் வாழ்வதற்கு எந்தப் பயிற்சியும் தராமல் ரயிலேற்றி அனுப்பியது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தக் கடுமைக்கான பொறுப்பிலிருந்து அவரை இது விடுவிக்காது. பொறுப்பில் இன்னொரு பங்குதாரர் இருந்ததைக் காட்டும்.

அவர் பேசாவிட்டாலும் அலமாரியில் இருக்கும் பொருள்கள் பேசும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் படித்த பிள்ளைகள் குறைவு. பென்ஷன் வாங்கவும் சான்றிதழுக்கு நகலெடுக்கவும் மட்டுமே அது வெளியே வரும். அதில் சேர்ந்த நாள், பணிப் பிரிவு, கற்ற தொழில், உடல்தகுதி வகை, வெளிவந்த காரணம், நன்னடத்தை பற்றிய மதிப்பீடு எல்லாம் உண்டு. உடல்தகுதி வகை நடுவில் இறங்கியிருந்தால் அந்த வருடம் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பதக்கங்களைப் பொம்மைக் காசுகளைப் போலப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்த வீடுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மெல்லிய எழுத்தில் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் 'சிப்பாய்' என்று இருக்கிறதா, 'நாயக்' என்று இருக்கிறதா என்பதை வைத்தே அந்தக் காலத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று தெரியும். பூர்வி ஸ்டார் என்றால் 1971இல் அவர் கிழக்கு முனையில், வங்கதேசப் போரில் இருந்தவர்; பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. உச்ச துங்கதா என்றால் மிக உயரமான மலைப்பகுதியில் பணி. சியாச்சினுக்குத் தனிப் பதக்கமே உண்டு. ரிப்பனின் நிறங்களை வைத்துப் பத்து வருடப் பயணத்தை அடுக்கிவிடலாம். எந்தப் பதக்கத்தையும் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். யாரும் கேட்கவில்லை என்பது அவற்றில் ஒன்று.

சியாச்சினையே எடுத்துக்கொள்வோம். 1984 ஏப்ரலிலிருந்து இந்திய ராணுவம் அங்கே நிற்கிறது. குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவும் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் முகாம் மீது பனிப்பாறை சரிந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவுக்காக நாடு முழுவதும் பிரார்த்தனை நடந்தது, அவரும் பிழைக்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதே முகாமில் அதற்கு முந்தைய வருடம் நின்றவர்களும் அடுத்த வருடம் நின்றவர்களும் எங்கே? ஆடி மாதம் சாரல் காற்று அடித்தாலே குற்றாலத்தில் துண்டைப் போர்த்திக்கொள்ளும் ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், மூச்சுக் காற்றே போதாத உயரத்தில் மாதக்கணக்கில் நின்றார்கள். அங்கே பசி எடுக்காது, தூக்கம் வராது, ஞாபகம் தடுமாறும், விரல் நுனி கறுக்கும். ஊர் திரும்பிய பிறகு அவர்களில் ஒருவருக்குக் காது கேட்பது குறைந்திருக்கும், இன்னொருவருக்குத் தூக்கம் சரிவராமல் போயிருக்கும். ஊர் அதற்கு வைக்கும் பெயர் 'மிலிட்டரிக்காரர் கொஞ்சம் ஒரு மாதிரி' என்பது. பனிச்சரிவு அவர்கள் மேல் விழாமல் போனது தற்செயல். அந்தத் தற்செயலால் ஒருவருக்கு நினைவுத்தூணும் மற்றவருக்குப் பரிகாசமும் கிடைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

தமிழ் வாசகரிடம் பேசும்போது தவிர்க்கக் கூடாத ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது: இலங்கை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து போன இந்திய அமைதிப் படை, அந்த அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். அது மறக்கக் கூடாத குற்றம். அந்தப் படையில் மெட்ராஸ் ரெஜிமெண்டும் இருந்தது. தமிழ் பேசும் சிப்பாய்கள் இருந்தார்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட மூதாட்டி தன் தாயின் மொழியில் பேசுவதைக் கேட்டவர்கள் அவர்கள். மேலதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தவர்களும் அவர்கள்தான். சுமார் 1,200 பேரை இழந்து, 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவுக்கு அரசியல் நியாயம் இருந்தது என்று கருதுவோர் இன்றும் உண்டு. அனுப்பிய முடிவு டெல்லியினுடையது. வரவேற்காத முடிவு சென்னையினுடையது. இரண்டுக்கும் நடுவில் நின்ற சிப்பாயிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் ஊருக்கு வந்து, டீக்கடையில் அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து போகப் பழகிக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று தமிழில் சாட்சி சொல்லக்கூடியவர்கள், எதைப் பார்த்தார்கள் எதைச் செய்தார்கள் என்று நேர்மையாகக் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள், நம் ஊர்களில் அறுபதைத் தாண்டிய வயதில் இருக்கிறார்கள். இந்த நினைவைக் கேட்டுப் பதிவு செய்வது ராணுவத்தைக் கொண்டாடுவது ஆகாது. கேட்காமல் விடுவதுதான் குற்றத்துக்கும் குற்றம் செய்யாதவருக்கும் ஒரே மௌனத்தைப் போர்த்துகிறது.

பணிக்குப் பிந்தைய நாற்பது வருடத்தைப் பற்றி ஊர் ஓரளவு அறியும். தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிக்கு அனுப்புகிறது. வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்பவர், ஏடிஎம் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவு முழுவதும் விழித்திருப்பவர், மருத்துவமனைக் கேட்டில் வண்டிகளை ஒதுக்கிவிடுபவர் எல்லாரும் ஒரு காலத்தில் ஹவில்தாராகப் பத்துப் பேரை வழிநடத்தியவராக இருக்கலாம். நாற்பது வயதில் இரண்டாவது சம்பளத்தைத் தேடுவது பேராசையால் அன்று. பிள்ளைகள் அப்போதும் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஒரே பதவி, ஒரே பணிக்காலம் என்றால் எந்த வருடம் ஓய்வுபெற்றாலும் ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கைக்காகப் பல்லாண்டு மனுக் கொடுத்து, 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் பதக்கங்களை அணிந்துகொண்டு முதியவர்கள் உட்கார வேண்டியிருந்தது. அந்த வருடம் அறிவிக்கப்பட்டு, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு அது நடைமுறைக்கு வந்தது. ஊருக்குள் இன்னொரு வேலையை அவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். விடிவதற்கு முன் பள்ளி மைதானத்தில் பையன்களை நிறுத்தி, ஆளெடுப்புக்கான 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழக்குகிறவர் பெரும்பாலும் ஓர் ஓய்வுபெற்ற ஹவில்தார்தான். விதவைகளின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு எழுதித் தருகிறவரும் அவரே. ராணுவப் பதிவேட்டில் 'லெட்சுமி' என்றும் ஆதாரில் 'லட்சுமி அம்மாள்' என்றும் இருக்கும் ஒரே ஒரு வித்தியாசத்தால் மாதக்கணக்கில் பணம் நின்றுபோவதை அவர் அறிவார். கணவர் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் சரிசெய்யாத குடும்பங்கள், துக்கத்தின் நடுவில் அந்த அலைச்சலையும் சுமக்கின்றன.

இதே காகிதங்கள்தான் நினைவின் மூலப்பொருளும் என்பதை யோசித்தால், செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை என்று தெரியும். அமெரிக்காவில் 2000இல் ஒரு சட்டம் இயற்றி, நாடாளுமன்ற நூலகத்தில் படைவீரர் வரலாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தளபதிகளைத் தேடிப் போகாமல், சமையல்காரர், ஓட்டுநர், மருத்துவ உதவியாளர் என்று எந்த நிலையில் பணியாற்றியவராக இருந்தாலும், குறைந்தது அரை மணி நேரம் அவர் பேசிய பதிவை ஏற்றுக்கொள்வது அதன் விதி. பேட்டி எடுப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையோ பள்ளி மாணவரோதான். தென்காசியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, நூலகங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வீட்டிலும் பேசுவதைப் பதிவு செய்யும் கைபேசி இருக்கிறது. போரைப் பற்றிய கேள்வியோடு தொடங்க வேண்டியதில்லை. அவர்களை வாய்மூட வைப்பதே அந்தக் கேள்விதான். முதல் முறை ரயிலேறிய நாள், முதல் சம்பளத்தில் எவ்வளவு அனுப்பினார், அங்கே யார் சமைத்தார்கள், இந்தி எப்படி வந்தது, ஊரில் குழந்தை பிறந்த செய்தி எத்தனை நாள் கழித்துக் கிடைத்தது என்று கேட்டால் பேசுவார்கள். பக்கத்திலேயே மனைவியையும் உட்கார வைத்தால், அவர் தவறவிட்ட தேதிகளை அந்த அம்மா திருத்துவார்.

இதில் அவசரம் காட்டுவதற்கு வயது மட்டும் காரணமில்லை. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, இனிச் சிப்பாயாகச் சேர்பவர் நான்கு வருடத்தில் வெளியே வருகிறார். நூற்றுக்கு 25 பேர் வரை மட்டும் நிரந்தரமாகத் தொடரலாம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியின் நான்கு வருடம் 2026, 2027இல் முடிகிறது. படைக்கு இளமை வேண்டும் என்பதற்காக இந்த மாற்றம் தேவை என்று சொல்வோரின் வாதத்தைத் தனியே விவாதிக்கலாம். இங்கே பொருத்தமானது வேறு. முப்பத்தாறு வயதில் பொட்டியோடு இறங்கி, பென்ஷனைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தை மேலேற்றிய அந்த மிலிட்டரிக்காரர் இனி உருவாவது குறையும். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில், பெரும்பாலும் திருமணத்துக்கு முன்பே, டிஸ்சார்ஜ் சான்றிதழோடு ஓர் இளைஞர் திரும்பி வருவார். நல அலுவலகத்தின் முன்னாள் படைவீரர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறாது. ஆகவே பதிவு செய்யும் வேலையில் அவர்களையும் இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்: அதிகாலை மைதானத்தில் ஓட்டம் பழக்கிய ஹவில்தாரையும், அவரிடம் பழகிப் போய் நான்கு வருடத்தில் திரும்பி வந்த பையனையும் அடுத்தடுத்து உட்கார வைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு.